ஆளைக் கொண்டு வா

எங்கள் அத்தைப் பாட்டியின் நெற்றியில் கடைசி நாள் வரையில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. அது அங்கே இருக்கலாமா கூடாதா என்று ஒரு முறை கோர்ட்டில் வழக்கு நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வழக்கு குங்குமத்தைப் பற்றியதல்ல, ஆறு மா நஞ்சையைப் பற்றியது என்றுதான் வக்கீல் சொன்னாராம். அத்தைப் பாட்டிக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

அவளுடைய புருஷர் 1938-ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மாதம் தவறாமல் பணமும், பணத்தோடு நாலு வரிக் கடுதாசியும் வந்துகொண்டிருந்தன. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கையில் விழுந்தது. தபால் நின்றது. யுத்தம் முடிந்து மறுபடி கப்பல் ஓட ஆரம்பித்தபோது, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். 'சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்' என்றார் ஒருவர். 'இல்லை, ஈப்போவில் ஒரு கடை வாசலில் பார்த்தேன்' என்றார் இன்னொருவர். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அத்தைப் பாட்டி ஏறக்குறைய ஐம்பது வருஷம் குடியிருந்தாள்.

1953-ல் கொழுந்தன்மார் பாகம் பிரித்துக்கொள்ளக் கிளம்பினார்கள். புருஷனுடைய பங்கு அவளுக்கு வர வேண்டுமானால், அவள் விதவை என்று கோர்ட்டில் சொல்லியாக வேண்டும். "ஏழு வருஷத்துக்கு மேல் தகவல் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், அம்மா. இறந்துபோனார் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். சட்டமே சொல்லிவிடும்" என்று வக்கீல் வழிகாட்டினார்.

"அப்படியானால் சட்டமே சொல்லிக்கொள்ளட்டும், ஐயா. என் வாயில் வராது" என்றாளாம் அவள்.

அப்படியே நடந்தது. தீர்ப்பு வந்தது; நிலமும் வந்தது. புரோகிதர் வந்து, திதி என்றைக்கு என்று கேட்டார். தீர்ப்பின் நகலைப் புரட்டிப் பார்த்தார்கள். இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று இருந்ததே தவிர, என்றைக்கு என்று அதில் இல்லை. "நாள் தெரியாத சாவுக்கு நான் நெற்றியை அழிப்பதாக இல்லை" என்று சொல்லிவிட்டு அத்தைப் பாட்டி அடுக்களைக்குள் போய்விட்டாள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் அந்த நிலத்து அரிசியையே சாப்பிட்டாள், குங்குமமும் இட்டுக்கொண்டாள். எனக்குப் பத்து வயசாக இருந்தபோது அவள் போனாள்.

இந்தக் கதை எனக்கு இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒருவனைக் காணாமல் போக அடித்துவிட்டேன். நாவலாசிரியனுக்கு அது மிகவும் சௌகரியமான காரியம். ஒரு ரயிலும் ஒரு ராத்திரியும் போதும். ஆனால் அவனுடைய தகப்பன் சட்டப்படி அவனைத் தேட வேண்டிய அத்தியாயம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. எங்கே போய், யாரிடம், என்ன கேட்பான்? புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.

அத்தைப் பாட்டியின் வக்கீல் சொன்ன சட்டம் 1872-ல் எழுதப்பட்ட இந்தியச் சாட்சியச் சட்டம். 107-வது, 108-வது பிரிவுகள். முப்பது வருஷத்துக்குள் உயிரோடு இருந்ததாகத் தெரிந்த ஒருவன் இறந்துவிட்டான் என்று யார் சொல்கிறாரோ, அவர்தான் அதை ரூபிக்க வேண்டும் என்கிறது முதல் பிரிவு. ஆனால் அவன் இருந்தால் யாருக்குத் தகவல் வந்திருக்க வேண்டுமோ அவர்களுக்கு ஏழு வருஷமாகத் தகவலே இல்லையென்றால், பாரம் மறு தோளுக்கு மாறிவிடும். உயிரோடு இருக்கிறான் என்கிறவர்தான் அப்புறம் ரூபிக்க வேண்டும். 2024 ஜூலையில் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோதும் பிரிவுகளின் எண்தான் மாறியது; விஷயம் மாறவில்லை. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டமும் அதே ஏழு வருஷத்தை வைத்துத்தான் விவாகத்தை ரத்து செய்ய இடம் கொடுக்கிறது. என்றைக்கு இறந்தான் என்று மட்டும் சட்டம் ஊகிக்காது. அதை வேண்டுகிறவர்கள் தனியாக ரூபித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு சங்கதி கவனித்தீர்களா? இந்தச் சட்டம் யாரையும் தேடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஏழு வருஷம் எண்ணுகிறது. எண்ணி முடித்ததும் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. அதுவும் வேண்டியதுதான், உயிரோடு இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டாமா? ஆனால் நாவலில் வரும் என் தகப்பனுக்கு நஞ்சை வேண்டாம். பிள்ளை வேண்டும்.

அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். காணவில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். பத்திரிகையில் விளம்பரம் போடலாம். 'எங்கிருந்தாலும் உடனே வரவும், அம்மா படுத்த படுக்கை, யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்' என்ற அந்த மூன்று வரியைவிடக் கச்சிதமான சிறுகதையை நம்மில் யாரும் எழுதியதில்லை என்பது என் அபிப்பிராயம். காணாமல் போனது குழந்தையானால் போலீஸார் அதைக் கடத்தல் குற்றமாகவே பதிவு செய்து விசாரிக்க வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. இவையெல்லாம் நல்ல வழிகள்தாம். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகிற தகப்பன் தேடும் பிள்ளையை அந்த ஸ்டேஷன்காரர்களே கொண்டு போயிருந்தால்?

அதற்குத்தான் இன்னொரு வழி இருக்கிறது. ஹேபியஸ் கார்ப்பஸ் என்று லத்தீனில் பெயர். தமிழில் ஆட்கொணர்வு என்கிறோம். லத்தீனில் நேர் அர்த்தம், 'உடல் உன்னிடம் இருக்கட்டும்' என்பது. கோர்ட்டுக்கு வரும்போது ஆளோடு வா என்று உத்தரவு. இங்கிலாந்தில் பிறந்த இந்தக் கட்டளையை நம் அரசியல் சட்டம் 32-வது ஷரத்தில் சுப்ரீம் கோர்ட்டுக்கும் 226-வது ஷரத்தில் ஹைக்கோர்ட்டுகளுக்கும் கொடுத்திருக்கிறது. மற்ற வழக்குகள் வருஷக் கணக்கில் நடக்கும். இது நாள் கணக்கில் நடக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரே வர வேண்டும் என்பதில்லை. தகப்பன் போடலாம், மனைவி போடலாம், சிநேகிதனும் போடலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆளை இன்னார் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்லத் தெரிய வேண்டும். சும்மா காணவில்லை என்றால் இந்த மனு நிற்காது. ஆகவே சட்டம் இங்கேயும் தேடுவதில்லை. தேடுகிற வேலையை முதலில் நீங்கள் செய்துகொண்டு போக வேண்டும். பிறகு உங்களுக்குப் பதிலாக அது ஒரு கேள்வி கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இதை ஒரு தகப்பன் செய்து காட்டினார். பக்கத்து ராஜ்யத்துக்காரர், பெயர் ஈச்சர வாரியர். கோழிக்கோட்டு அரசாங்கக் கல்லூரியில் ஹிந்திப் பேராசிரியர். அவருடைய ஒரே பிள்ளை ராஜன், கோழிக்கோட்டுக்கு வெளியே சாத்தமங்கலத்தில் இருந்த ரீஜினல் எஞ்சினீயரிங் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பாடுவான்.

1976 பிப்ரவரி கடைசியில் காயண்ணா என்ற இடத்துப் போலீஸ் ஸ்டேஷனை நக்ஸலைட்டுகள் தாக்கினார்கள். மார்ச் 1-ந் தேதி விடிகாலை, ஒரு கலை விழாவுக்குப் போய்விட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய ராஜனைப் போலீஸார் கொண்டுபோனார்கள். கொண்டுபோனதைச் சக மாணவர்கள் பார்த்தார்கள். கல்லூரி முதல்வர் தகப்பனுக்குத் தகவல் எழுதினார். ஆகவே பையன் எங்கே போனான் என்பது முதல் நாளிலிருந்தே ஓரளவு தெரிந்த விஷயம்தான். கக்கயம் மலையடிவாரத்தில், மின்சார வாரியத்தின் கட்டடங்களில், போலீஸார் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அங்கேதான்.

வாரியர் அலைய ஆரம்பித்தார். மார்ச் 10-ந் தேதி உள்துறை மந்திரி கே. கருணாகரனைப் பார்த்தார். பையன் ஏதோ கடுமையான விவகாரத்தில் அகப்பட்டிருப்பதாக மந்திரி சொன்னார் என்பது வாரியர் கூற்று. அப்படித் தாம் சொல்லவில்லை என்று மந்திரி பிற்பாடு கோர்ட்டில் மறுத்தார். வாரியர் உள்துறைச் செயலாளருக்கு எழுதினார். பதில் இல்லாமல் மறுபடி எழுதினார். ஜனாதிபதிக்கும் பிரதம மந்திரிக்கும் எழுதினார். முதல் மந்திரி அச்சுத மேனன் அவருக்கு முன்பே பழக்கமானவர். அவரிடமும் போனார். உங்கள் பிள்ளையைத் தேடிக்கொண்டு நான் கேரளம் முழுக்கச் சுற்ற வேண்டுமா என்ற பாவனையில் அவர் சலித்துக்கொண்டதாக வாரியர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இந்த ஒரு சலிப்பில் மொத்த விவகாரமும் அடங்கிவிட்டது. தேடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே! வைத்திருக்கிறவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றுதானே அவர் வந்தார்?

இவ்வளவு பேரிடம் போனவர் ஏன் ஹைக்கோர்ட்டுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் கதவு சாத்தியிருந்தது. 1975 ஜூன் 25-ந் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து, சுதந்திர உரிமைகளைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதபடி ஜனாதிபதி உத்தரவு பிறந்தது. அப்படியும் ஆளைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் நாங்கள் கேட்போம் என்று ஒன்பது ஹைக்கோர்ட்டுகள் சொல்லிப் பார்த்தன. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜபல்பூர் வழக்கு என்று அதற்குப் பெயர். விசாரணையின்போது நீதிபதி எச். ஆர். கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒன்று கேட்டார். ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டால்கூட நிவாரணம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும் வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28-ந் தேதி ஐந்து நீதிபதிகளில் நால்வர் சர்க்கார் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறாக எழுதினார். அடுத்த வருஷம் அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியானார். கன்னா ராஜிநாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட்டே பகிரங்கமாகச் சொல்லி அதை ஒழித்தது 2017-ல்தான்.

ஆகவே வாரியர் காத்திருந்தார். எப்படிக் காத்திருந்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். பிள்ளை எந்த நேரத்திலும் பசியோடு வருவான் என்று அவனுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்வாராம். ராத்திரியில் வாசல் கதவைத் தாழிடுவதில்லை. நாய் காரணமில்லாமல் குரைத்தால் எழுந்துபோய்ப் பார்ப்பார். அவர் மனைவிக்குச் சித்தம் சரியில்லை. அவளிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை.

1977 மார்ச் 21-ந் தேதி நெருக்கடி நிலை நீங்கியது. கதவு திறந்த நாலாவது நாள், 25-ந் தேதி, எர்ணாகுளத்தில் கேரள ஹைக்கோர்ட்டில் வாரியரின் ஆட்கொணர்வு மனு தாக்கலாயிற்று. கருணாகரன் முதல் மந்திரியாகப் பதவியேற்றதும் அதே தேதியில்தான். நான் நாவலில் இப்படி எழுதினால் நம்பும்படியாக இல்லை என்று ஆசிரியர் அடித்துவிடுவார்.

மனுவில் எதிர்க்கட்சிக்காரர்களாக முதல் மந்திரியும், உள்துறைச் செயலாளரும், போலீஸ் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்கள் பதில் பிரமாணம் தாக்கல் செய்தார்கள். ராஜன் என்று யாரையும் நாங்கள் கைது செய்யவில்லை, எங்கள் காவலில் யாரும் இல்லை. சாதாரணமாக இந்த இடத்தில் ஆட்கொணர்வு மனு முடிந்துபோகும். இல்லை என்று பொறுப்புள்ள அதிகாரி சத்தியம் செய்துவிட்டால், இருக்கிறது என்று கோர்ட்டு எப்படிச் சொல்லும்? இம்மாதிரி மனுக்களில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற வழக்கம் கிடையாது; காகிதத்துக்குக் காகிதம் பதில், அவ்வளவுதான்.

நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் அந்தக் காகிதத்தோடு நிற்கவில்லை. சாட்சிகளை அழைத்தார்கள். கல்லூரியிலிருந்து கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் வந்தார்கள். கக்கயம் முகாமில் தாங்களும் அடைபட்டிருந்து ராஜனை அங்கே கண்ணால் கண்டவர்கள் வந்தார்கள். பெஞ்சியில் கட்டிப் போட்டுத் தொடைகளின்மேல் உலக்கையை வைத்து உருட்டுவார்கள் என்று சொன்னார்கள். வீட்டில் நெல் குத்துகிற உலக்கைதான். இதற்கு மேல் நான் அதை எழுதப் போவதில்லை.

மனு போட்ட பத்தொன்பதாவது நாள், ஏப்ரல் 13-ந் தேதி, தீர்ப்பு வந்தது. ராஜனைப் போலீஸார் பிடித்ததும் கக்கயம் முகாமில் வைத்திருந்ததும் உண்மை என்று கோர்ட்டு கண்டது. ஏப்ரல் 21-ந் தேதி அவனைக் கோர்ட்டில் ஆஜர்படுத்து என்று உத்தரவிட்டது. முடியாதென்றால் முன்கூட்டியே காரணத்தைச் சொல்.

அவர்களால் முடியவில்லை. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்த அதே தரப்பு, பிறகு புதிய பிரமாணங்களில் விஷயத்தை ஒப்புக்கொண்டது. ராஜன் 1976 மார்ச் 2-ந் தேதியே கக்கயம் முகாமில், போலீஸ் காவலில், இறந்துவிட்டான். அதாவது கல்லூரியிலிருந்து கொண்டுபோன மறுநாள். தகப்பன் மந்திரி வீட்டு வாசலில் நின்ற மார்ச் 10-ந் தேதி பிள்ளை இறந்து எட்டு நாள். ஜபல்பூர் தீர்ப்பு வந்த அன்று எட்டு வாரம். அந்த ஒரு வருஷத்துச் சோறும் யாருக்கோ எடுத்து வைத்த சோறு.

கருணாகரன் ஏப்ரல் 25-ந் தேதி ராஜிநாமா செய்தார். ஒரு மாதம் பதவியில் இருந்தார். பின்னாளில் மறுபடியும் முதல் மந்திரியானார். கொலை வழக்கு கேரளத்திலிருந்து மாற்றப்பட்டு நம் கோயம்புத்தூரில் நடந்தது. கொலைக் குற்றம் யார்மீதும் நிலைக்கவில்லை. நிலைக்க எப்படி முடியும்? உடல் அகப்படவே இல்லை. 'உடலோடு வா' என்று பெயர் வைத்த கட்டளைக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு காகிதம்.

ஆனால் அந்தக் காகிதத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. அத்தைப் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. சயாம் ரயில் பாதையில் கங்காணியாக நின்றவனை எந்தக் கோர்ட்டுக்கு அழைப்பது? அவளுக்குக் கேள்வி இருந்தது. கேட்க ஆள் இல்லை. வாரியருக்கு ஆள் இருந்தார்கள். அவர்களைப் பதின்மூன்று மாதம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் திரட்டி வைத்த தபால் ரசீதுகளும், பார்த்தவர்களின் பெயர்களும் இல்லாவிட்டால் ஹைக்கோர்ட்டுக்குக் கேட்க ஒன்றுமே இருந்திராது. தேதி கிடைத்தது. மார்ச் 2. புரோகிதரிடம் சொல்ல ஒரு நாள்.

இந்தக் கட்டளை அப்புறமும் சில வீட்டு வாசல்களில் போய் நின்றது. 1982-ல் மணிப்பூரில் ஒரு கிராமத்திலிருந்து ராணுவத்தார் கொண்டுபோன இருவர் திரும்பவில்லை. டில்லியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அவர்களுக்காக சுப்ரீம் கோர்ட்டில் மனு போட்டார். அங்கேயும் ஆளைக் கொண்டு வர முடியவில்லை. 1984-ல் அந்த இரண்டு மனைவிமாருக்கும் ஆளுக்கு லட்ச ரூபாய் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. அத்தைப் பாட்டியின் ஆறு மா போலத்தான் அந்த லட்சமும். இருந்தாலும் கொண்டுபோனவர்கள் கோர்ட்டில் வந்து நின்றார்கள்.

வாரியரின் புத்தகத்தை நான் ஒரே ராத்திரியில் படித்தேன். மலையாளத்தில் அதற்கு 'ஒரு அப்பாவின் நினைவுக் குறிப்புகள்' என்கிற அர்த்தத்தில் தலைப்பு. அதில் மந்திரிகளும் போலீஸும் வருகிற பக்கங்களில் எனக்குக் கோபம் வந்தது. வேறு சில பக்கங்களில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஊரெல்லாம் பத்திரிகையில் படித்த விஷயத்தை அவர் மனைவியிடம் சொல்லவில்லை என்றேன் அல்லவா? தீர்ப்புக்கு அப்புறமும் சொல்லவில்லை. அவளோ பிள்ளை எங்கே என்று கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு சர்க்காரைச் சத்தியத்தின்மேல் நிறுத்தி உண்மையைச் சொல்ல வைத்த மனிதர், வீட்டுக்கு வந்து அதே கேள்விக்கு இல்லாத பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் 2000-ல் காலமானாள். அவர் 2006-ல், ஏப்ரல் 13-ந் தேதி.

என் நாவலின் அத்தியாயம் இன்னும் அப்படியே நிற்கிறது. தகப்பனை ஹைக்கோர்ட்டுப் படி ஏற்றிவிட்டேன். அவன் வீட்டுக்குத் திரும்பும்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளை, "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்கிறாள். அந்த இடத்தில் இருக்கிறேன்.